பின்வாசலில் நனைந்த கல்வெட்டுகள்

ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பின்மேல் சோற்றுப்பெட்டியை வைத்துச் சாப்பிட்டவன் நான். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் காவலாளியாக இருந்தேன். மேசையில் கிடந்த தடித்த வெள்ளைத் தாளை முட்டை அடுக்கும் மட்டை என்று எண்ணிவிட்டேன். மீன்குழம்பு சிந்திய இடம் ஒரு ரோமானியச் சிப்பாயின் கல்லறை வாசகம். அந்தத் தாளின் சொந்தக்காரரான ஜேர்மன் பேராசிரியர் கோபிக்கவில்லை. சிப்பாய் பசியோடு செத்திருக்கக்கூடும், பரவாயில்லை என்றார்.

இலத்தீன் கல்வெட்டுகளைப் படிப்பதுதான் அவருடைய வாழ்க்கை. நனைத்த தாளைக் கல்லின்மேல் விரித்து, தூரிகையால் அடித்து அடித்து எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, காய்ந்ததும் உரித்தெடுப்பார். பிறகு விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கண் ஏமாற்றினால் விரலால் தடவுவார். இரண்டாம் உலகப் போருக்கு முன் அவருடைய ஆசிரியர் இப்படி எடுத்த தாள்படிகளும் அவரிடம் இருந்தன. அந்தக் கற்களில் சில குண்டுவீச்சில் பொடியாகிவிட்டன, தாள்தான் மிச்சம்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் துறைத்தலைவர் கேக் வெட்டி, ‘எங்கள் பொக்கிஷம்’ என்று புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினோம். அதே நேரம் அந்தப் பொக்கிஷத்தின் தாள்கள் அடங்கிய பெட்டிகள் பின்வாசலில், மூடிகூட இல்லாமல், குப்பை லொறிக்குக் காத்திருந்தன. அறை கம்ப்யூட்டர்களுக்குத் தேவையாம். எல்லாவற்றையும் படம் பிடித்தாயிற்றாம். படத்தில் ஒரேயொரு வெளிச்சம்தான் விழும், சாய்த்துப் பார்க்க முடியாது என்று அந்த மனிதர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! படித்தவர்களுக்குக் காது எதற்கு? வெளியே பனிமழை கொட்டியது.

அந்தத் தாள் மறுபடி நனைந்தால் எழுத்து அழிந்துவிடும். பேராசிரியர் தமது கோட்டைக் கழற்றிப் பெட்டிகளின்மேல் போர்த்திவிட்டுச் சட்டையோடு நின்றார். நானும் என்னோடு காவல் பார்த்த அண்ணையும் ஓடினோம். நான் துறைத்தலைவரைத் திட்டத் தொடங்கினேன்.

“தூக்கும் தம்பி! உதில நிண்டு பிரசங்கம் வையாதையும்!” என்று அண்ணை கத்தினார்.

பாதி பிழைத்தது. மற்றப் பாதி கஞ்சியாகிவிட்டது. பேராசிரியர் ஒரு தாளைத் தடவிப் பார்த்தார். விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கல் அன்றே குண்டுவீச்சில் போயிற்று, இன்று அந்தச் சிப்பாயின் பெயரும் போயிற்று என்றார். மிஞ்சியதோடு மிசிசாகாவிலிருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் கொதித்துப்போய்த் துறைத்தலைவருக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினேன். காட்டுமிராண்டி என்ற சொல்லைத் தாராளமாகப் போட்டேன். பதிலே வரவில்லை. எவ்வளவு திமிர் என்று அண்ணையிடம் பொருமி, கடிதத்தின் பிரதியை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“உம்மட கையெழுத்தை வாசிக்கிறதெண்டால், அவை அந்த ஜேர்மன்காரரைத்தான் திருப்பிக் கூப்பிட வேணும்.”