அக்கா அழுவதற்காக ஒரு கரண்ட் கட்

கரண்ட் இருக்கும்போதே, கரண்ட் போய்விட்டது என்று சொன்னதுண்டா நீங்கள்? போன செவ்வாய்க்கிழமை நான் சொன்னேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது!

நம்முடையது மைக் செட் தொழில் என்பது வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். மைக்கைக் கையில் கொடுத்தால், 'ஹலோ... செக்' என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும் என்பதும் தெரியும்.

அன்றைக்கு மைக் செட் கட்டியது என் அக்கா வீட்டில். அக்காவின் கணவர் அந்தோணி, கரும்பு லாரி டிரைவர், திங்கட்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

அவர்கள் மகன் ஜெரால்டு சென்னையில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவன். நல்ல பிள்ளை. வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அழாதம்மா. அப்பா மோட்சத்துலதான் இருக்காரு. நாம அழுதா, நமக்கு நம்பிக்க இல்லன்னு அர்த்தம்."

என்னிடம் வந்து, "மாமா, பாட்டு நல்லா சவுண்டா வையுங்க. யாரும் ஒப்பாரி வைக்கக்கூடாது" என்றான்.

வைத்தேன். உயிர்த்தெழுதல் பாட்டாகப் பார்த்து வைத்தேன். துக்கத்துக்கு வந்த பெண்கள் வாயைத் திறப்பார்கள், என் ஸ்பீக்கர் மூடிவிடும். மூக்கைச் சிந்திவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

அக்காவோ... ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தபடி, கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை நாள்!

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெரிய வெள்ளி அன்று, ஆண்டவர் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்துவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, மாதா தன் மகனுக்கு அழுவதுபோல ஒப்பாரி வைப்பார்கள். இருபது வருஷமாக அதற்கு முதல் குரல் எங்கள் அக்காதான். கேட்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து வருவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் வாய்மூடி இருந்தாள். நாலு மணிக்குச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் அழாவிட்டால், அப்புறம் எந்த முகத்தைப் பார்த்து அழுவாள்? ஜெரால்டிடம் சொல்ல ரெண்டு தடவை கிட்டே போனேன். ரெண்டு தடவையும், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மூன்று மணிக்கு சகுந்தலா வந்தாள். மாரியம்மன் கோயில் தெரு. அக்காவோடு முப்பது வருஷம் நடவுக்குப் போனவள். வந்தவள் அக்காவைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். அவளுக்கே கேட்டிருக்காது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள் — நிறுத்துய்யா அத!

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஜெரால்டு ஓடி வந்தான். "இன்னா மாமா ஆச்சு?"

"கரண்ட்... போச்சுப்பா."

அவன் ஃபேனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த இடைவெளியில் சகுந்தலா பிடித்துக்கொண்டாள். "இன்னாடா ஜெரால்டு, ஆத்தாள அழக்கூடாதுன்னியாமே? வருசா வருசம் உங்க சாமிக்கு இவ அழுவா, நானும் பக்கத்துல குந்தி அழுதிருக்கேன். மூணாம் நாளு அவரு எழுந்துக்குவாருன்னு தெரிஞ்சிதானேடா அழுதோம்? உங்கப்பன் எழுந்துக்க எத்தினி நாளு ஆவுமோ! அந்த மனுசனுக்கு அழக்கூடாதா?"

ஜெரால்டு வாயைத் திறந்தான். வந்தது அக்காவின் குரல்.

"ஒரு நாளு... ஒரு நாளாவது லோடு ஏத்த நேரத்தோட போயிருக்கியா நீ? பொண்ணு பாக்க வந்ததுக்கே ரெண்டு மணி நேரம் லேட்டு! கல்யாணத்துக்கு லேட்டு! உம் புள்ள பொறந்ததுக்கு மறுநாளு வந்து நின்ன ஆளு... இதுக்கு மட்டும் இன்னாய்யா அவசரம் உனுக்கு?"

அக்கா குரலெடுத்ததும் சேர்ந்து அழ ஆரம்பித்த பெண்களில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே இன்னும் பெரிதாக அழுதார்கள்.

அக்கா மார்பில் அடித்துக்கொண்டு, சுவரில் இருந்த மாதா படத்தின் பக்கம் திரும்பினாள். "தாயே, வருசம் தவறாம உம் புள்ளைக்கு நான் அழுதேனே... எம் புருசன ஒரு தபா திரும்பிப் பாத்தா, உன் கண்ணு நோவுமா?"

ஜெரால்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா... மாதாவயே கேள்வி கேக்கறாங்க" என்றான். சொன்னவன் அப்படியே போய் அம்மா மடியில் விழுந்தான். "அப்பா" என்று அவன் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். என் ஸ்பீக்கரே தோற்றது.

நாலு மணி. பங்குச் சாமியார் வந்து பந்தல் ஓரமாகவே நின்றுவிட்டார். ஜெரால்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினான். "சாரி ஃபாதர்... அம்மா கொஞ்சம்..."

"இரு தம்பி" என்றார் அவர். "செபம் நடக்குது. நடுவுல பேசாத."

அக்கா முடிக்கும்வரை நின்றார். நாலு இருபதுக்குத்தான் பெட்டியை மூடினோம். சகுந்தலா ஒரு டம்ளர் டீயை நீட்ட, அக்கா மறுக்காமல் வாங்கிக் குடித்தாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, அக்கா மாதா சுரூபத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னாக்கா வேண்டிக்கின?"

"ஒண்ணும் வேண்டிக்கல. அவங்க மேல எனுக்கு இன்னும் கோவம் போவல. மெழுவத்தி மட்டும் கொளுத்திட்டு வந்தேன்" என்றாள்.

சண்டை போட்ட வீட்டுக்கே திரும்பவும் போகிறோம் என்றால்... அது நம் வீடு என்றுதானே அர்த்தம்?