இன்னொண்ணு மாமாவின் ஐந்து கம்ப்யூட்டர்கள்

தெருவில் அவருக்கு இன்னொண்ணு மாமா என்று பெயர். செருப்புக் கடைக்குப் போனால் இருக்கிற பெட்டிகளையெல்லாம் இறக்க வைத்துவிட்டு, "இன்னொண்ணு பாக்கலாமே" என்பார். கடைக்காரருக்கு வேர்த்து விறுவிறுத்துப் போகும். மாமா பழைய செருப்போடு வீடு திரும்புவார். வாழ்க்கையில் முதலில் பார்த்ததையே அவர் ஏற்றுக்கொண்டது அத்தை விஷயத்தில் மட்டும்தான். அதுவும் அவருடைய அம்மா போட்ட அதட்டலில் நடந்தது.

இப்படிப்பட்டவர் கையில் போயா லினக்ஸ் சிக்க வேண்டும்?

வேலை பார்த்த அலுவலகம் ஐந்து பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டியது. ஓய்வு பெற்ற கையோடு மாமா அவற்றை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். தெருமுனை நூலகத்தில் கம்ப்யூட்டரே கிடையாது. வேலைக்கு விண்ணப்பம் போடக்கூட ஜனங்கள் பஸ் ஏறிப் போனார்கள். "எல்லாத்துக்கும் உயிர் குடுத்துத் தர்றேன்" என்று நூலகச் செயலாளரிடம் மார்தட்டினார். அந்தக் கிழடுகளுக்கு விண்டோஸ் சுமக்க முடியாத மூட்டை. அதே வேலையைச் செய்கிற லினக்ஸ் லேசானது, இலவசம். ஆனால் அதில் ஒன்றா, இரண்டா? நூற்றுக்கணக்கில் வகைகள்.

முதலில் ஒன்றை ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றினார். மறுநாள் காலையில் திரை இருட்டாகக் கிடந்தது. "இது செத்துப்போச்சு" என்று உதட்டைப் பிதுக்கி, அதைத் தையல் மெஷின் இருக்கிற உள்ளறைக்குத் தள்ளிவிட்டார். மிச்சம் நான்கு. பிறகு பிடித்தது பைத்தியம். பப்பி என்ற வகையைப் போட்டார், நன்றாக ஓடியது. நன்றாக ஓடுகிறதே, இதைவிட நன்றாக ஓடுவது ஒன்று இருக்குமே என்று அதை அழித்தார். மிண்ட் போட்டார், அழித்தார். ஆன்டிஎக்ஸ் போட்டார். அது சட்டென்று விழித்துக்கொண்டதும் கைதட்டிச் சிரித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அதையும் அழித்தார். ஒன்றிலாவது உட்கார்ந்து நாலு வரி தட்டிப் பார்த்தாரா என்றால், அதுதான் இல்லை.

"ஏங்க, நல்லாத்தானே ஓடிச்சு?"

"ஓடிச்சு. ஆனா இன்னொண்ணு..."

அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சோபாவில் ஒரு மானிட்டர் சாய்ந்து படுத்திருந்தது, வந்தவர்கள் நின்றார்கள்.

செயலாளரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வர்றேன், மாமா. ஓடலைன்னா லைப்ரரில இதுக்குன்னு ஒதுக்கின ரூம்ல பழைய பேப்பரை அடுக்கிடுவாங்க. கம்ப்யூட்டரெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான். கமிட்டில முடிவாயிடுச்சு" என்றார்.

மாமா விழுந்தடித்து வேலையில் இறங்கினார். சனிக்கிழமை நான்கும் ஒழுங்காக ஓடின. அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார். அந்த நிம்மதியே வினையாயிற்று. ஞாயிறு காலை காபி குடிக்கும்போது, புதிதாக ஒன்று வந்திருப்பதாக எங்கோ படித்தார்; உடனே நான்கையும் அழித்து அதை ஏற்ற ஆரம்பித்தார். செயலாளர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது நான்கு திரைகளிலும் பாதிக் கோடு நகர்ந்து, அப்படியே நின்றிருந்தது.

"என்ன மாமா இது?"

"இதோ, ஒரு நிமிஷம். நேத்து நாலும் ஓடிச்சு, சத்தியமா."

செயலாளர் இரும்புக் கடைக்குப் போன் போட சட்டைப்பையில் கைவிட்டார். மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "தம்பி, போனை வெச்சுட்டு இங்க வாங்க."

தையல் மெஷின் பக்கத்தில் பூப்போட்ட உறையை அத்தை விலக்கினாள். செத்துப்போன கம்ப்யூட்டர் அங்கே ஜம்மென்று விழித்திருந்தது. திரையில் பாதி ஆடிய சீட்டாட்டம். இன்னொரு பக்கத்தில் அவளுடைய தையல் வகுப்புக்கான பாடம்.

"இது... செத்துப்போச்சே!" என்றார் மாமா.

"நீங்கதான் சொன்னீங்க. பெருக்கும்போது பாத்தேன், மானிட்டர் வயரு கழண்டிருந்துச்சு. சொருகினேன், வந்துடுச்சு. அன்னிலேருந்து தினமும் ஓடுது."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அழிச்சுடுவீங்களே!"

செயலாளர் உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தைத் திறந்தார், தட்டினார், அச்சடிக்கிற பக்கம் வரை போய்ப் பார்த்தார். "போதுமே மாமா! இதையே மத்ததுலயும் போட்டுடுங்க. சாயங்காலம் வர்றேன். இது எது?"

மாமா குனிந்து திரையைப் பார்த்தார். லுபுண்டு. வெட்கமாகப் போய்விட்டது. "முதல்ல போட்டது" என்றார்.

சாயங்காலத்துக்குள் நான்கிலும் லுபுண்டு ஏறியது. செயலாளர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். கூடம் வெறிச்சென்று விசாலமாகிவிட, இருவரும் ரொம்ப நாளைக்குப் பிறகு சோபாவில் உட்கார்ந்தார்கள். மாமா உள்ளறைப் பக்கம் பார்த்தார். கை பரபரத்தது.

"உன்னோடதுல மட்டும் அந்தப் புதுசு இன்னொண்ணை..."

அத்தை திரும்பினாள். "முதல்ல பாத்ததோடயே இத்தனை வருஷம் ஓட்டினீங்களே. என்ன குறைஞ்சுபோச்சு?"

 மாமா, அந்தப் புதுசு இருந்த பென் டிரைவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தார்.