முதலில் அவுட் ஆனவன்

கபடி ஆடியவர்களுக்கு மண்ணின் ருசி தெரியும். நாலு மணிக்கு ரெண்டு குடம் தண்ணீர் தெளித்து, கிளறிவிட்ட மண். ஒவ்வொரு முறை பிடிபட்டு விழும்போதும் வியர்வையோடு சேர்ந்து கொஞ்சம் வாய்க்குள் போகும்... உப்புக் கரிக்கும். வீட்டுக்குப் போய் சோறு தின்னும்போதும் பல்லில் நறநறக்கும்.

2005. சிதம்பரத்தில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஸ்கூல் டீமில் நான்தான் மெயின் ரைடர், பாடிப் போய் ஆளைத் தொட்டு வருகிறவன். ஸ்டார் பிளேயர் என்று யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

கேப்டன் சகாயராஜ். எங்கள் எல்லோருக்கும் முன்னாடியே மீசை முளைத்தவன், அந்தத் தகுதியிலேயே கேப்டன் ஆனானோ என்னவோ. இன்னொருத்தன் வேல்முருகன். காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவான். பேச்சு கம்மி. ஆனால் கணுக்காலைப் பிடித்தான் என்றால் உடும்புப் பிடிதான்.

கபடியில் அவுட் ஆனவன் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். நம்ம டீம் ஒரு ஆளைத் தொட்டுவிட்டு வந்தால், உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தன் உள்ளே வரலாம். யார்? நன்றாக ஆடுகிறவன் இல்லை. முதலில் அவுட் ஆனவன்தான் முதலில் வரணும். அதுதான் ஆர்டர்.

சகாயம் இதைக் கிரவுண்டோடு விட்டானா... பரோட்டா கடையில் முதல் பிளேட் வந்தால் போன தடவை கடைசியில் சாப்பிட்டவனுக்கு. பஸ்ஸில் ஒரு சீட் கிடைத்தால் வரும்போது நின்றவனுக்கு. "ஆர்டர் என்னடா?" என்பான், அவ்வளவுதான். எங்களுக்கு அது பழகியே போனது.

எனக்கு மட்டும் கொஞ்சம் லேட்டாகத்தான் பழகியது.

கடலூர் மஞ்சக்குப்பம் கிரவுண்டில் ஒரு மேட்ச். வேலு முதலில் அவுட், அடுத்து நான். கடைசி ரெண்டு நிமிஷம் இருக்கும்போது சகாயம் ஒரு ஆளைத் தொட்டுவிட்டு வந்தான். வேலு எழுந்திருப்பதற்குள் நான் உள்ளே ஓடிவிட்டேன். என்னை விட்டால் யார் ஜெயிக்க வைப்பார் என்ற திமிர், வேறென்ன. அம்பயர் விசில் ஊதி என்னை வெளியே அனுப்பினார். எதிர் டீமுக்கு ஒரு பாயின்ட். அந்த ஒரே பாயின்ட்டில் தோற்றோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புதுச்சத்திரம் தாண்டியதும் வேலு மெதுவாகச் சொன்னான்: "நீ நல்லா ஆடுவன்னு எனக்கும் தெரியும் மச்சான். ஆனா வெளிய ஒக்காந்திருக்கறவனுக்கும் உள்ள வரணும்னு இருக்கும்ல..."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் 2011. எல்லோரும் டிப்ளமோ முடித்து ஆளுக்கொரு பக்கம் போயிருந்தோம். சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், மூணு மாசமாக வீட்டில் இருந்தேன். அதற்கு முன்பே ஸ்ரீமுஷ்ணத்தில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெயர் மலர். வேலை போனது தெரிந்ததும் அவளுடைய மாமா, தை வரைக்கும் பார்க்கிறோம், அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் சகாயம் போன் பண்ணினான். கடலூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியனாக இருந்தான். "ஒரே ஒரு வேகன்சி இருக்குடா. உனக்கும் வேல இல்ல, வேலுவுக்கும் இல்ல. ஆர்டர நீயே சொல்லு."

வேலு ஓசூரில் இருந்த வேலையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் அப்பா பக்கவாதத்தில் விழுந்ததால் ஊரோடு வந்துவிட்டான்.

ரெண்டு நாள் நான் சகாயத்துக்குப் பதில் சொல்லவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறினேன். வேலுவுக்கு ஏதாவது வேலை கிடைத்திருக்கணும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். நல்ல எண்ணத்தில் இல்லை, எனக்காகத்தான்.

ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். புருவமெல்லாம் தவிட்டுத் தூசி. டிப்ளமோ மெக்கானிக்கல்.

விஷயத்தைச் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை அவன். "நீ போ மச்சான். ஒனக்குக் கல்யாணம் இருக்கு."

சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. பொய் சொல்லக் கூடாது, வந்தது. ஆனால் மஞ்சக்குப்பம் ஞாபகமும் கூடவே வந்து தொலைத்தது.

"நீதான்டா மொதல்ல அவுட்டு" என்றேன். அங்கே நின்றே சகாயத்துக்குப் போன் போட்டு வேலு பெயரைச் சொன்னேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுகையாக வந்தது. தியாகி மாதிரியெல்லாம் இல்லை, பயத்தில்.

விஷயம் எப்படியோ ஸ்ரீமுஷ்ணம் போய்விட்டது. மலர் போன் பண்ணி, வந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். தட்டுத்தடுமாறி கபடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.  இதோடு கட் பண்ணிவிடுவாள் என்றே நினைத்தேன்.

"அப்ப அடுத்து உங்க முறதானே? மாமாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள்.

தை போனது, மாசி போனது. பங்குனியில் ஒரு நாள் வேலு போன் பண்ணி, இன்னொரு வேகன்சி வந்திருக்கிறது, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டோடு மறுநாள் ஃபேக்டரி கேட்டுக்கு வா என்றான். 2012 வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம்.

இப்போது எனக்கு முட்டி வலி. சகாயத்துக்கு மீசை நரைத்துவிட்டது. வேகன்சி வந்தால் நூறு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது, யார் எத்தனை நாளாக வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. ரெஸ்யூமில் ஒரு வருஷம் கேப் இருந்தால் முதலில் ஒதுக்கி வைப்பது அந்த ஃபைலைத்தான்.

வேலு அதே ஃபேக்டரியில் இன்று சூப்பர்வைசர். ஆள் எடுக்கும் இன்டர்வியூவில் இவனும் உட்காருவான். எவ்வளவு நாளாக வேலையில்லை என்று எல்லோரிடமும் கேட்பானாம். ரெண்டு வருஷம், மூணு வருஷம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறவர்களைப் பார்த்து, "அப்ப நீங்கதான் மொதல்ல உள்ள வரணும்" என்பானாம்.