கடற்கரை ஐந்து, வரைமேசை இல்லை

கட்டடக்கலை படிக்க வெப்பமண்டலத் தீவொன்றிலுள்ள பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற வீடுகளை வரைய அங்கே கற்கலாம் என்று நினைத்தேன். லண்டனில் சுவர்ப்பூச்சு வேலை செய்யும் அப்பாவுக்கு அதில் சந்தேகம். எனக்கும்தான். அவர்களின் இணையத்தளப் படங்களை எண்ணிக் குறித்து வைத்திருந்தேன்: கடற்கரை ஐந்து, தென்னை மூன்று, வரைமேசை ஒன்றுகூட இல்லை.

"ஹோட்டலைக் காட்டி ஆள் பிடிக்கிறாங்கள், பிள்ளை," என்றார் அப்பா.

வகுப்பறையைக் காட்டும்படி அவர்களுக்கு எழுதினேன். ஒரு சனிக்கிழமை, மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி லண்டன் மனோர் பார்க்கில் இருந்த எங்களை வீடியோவில் அழைத்தாள். தீவில் அடைமழை. வகுப்பறையின் திறந்த பக்கத்தால் சாரல் அடிக்க, மாணவர்கள் வரைமேசைகளை அறையின் நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தண்ணி உள்ளுக்கை வருது! ஏனெண்டு கேள்."

கேட்டேன். கூரையின் விளிம்பு போதிய அளவு வெளியே நீளவில்லையாம். அதைத் திருத்தி வரைவதுதான் இந்தத் தவணையில் தங்களுக்குத் தந்த வேலை என்று அவள் கூச்சமில்லாமல் சொன்னாள்.

அழைப்பு முடிந்ததும் அப்பா கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார்.

"ஏமாத்துறவன் இதைக் காட்டமாட்டான். சரி, போ. ஆனா ஹொஸ்டலையும் காட்டச் சொல்லு. மழை பெய்யேக்கை."