இடம் மாறிய செம்பு

நான் வளர்த்த படிகத்தைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். கோபத்தில் இதைத்தான் என் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் சொன்னேன், மிளகாய்க் களத்தில் நின்றுகொண்டு, போனில்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காந்தத்துக்குள் அணு அணுவாகக் குட்டிக் காந்தங்கள் உண்டு. குளிரவைத்தால் அவை ஓர் ஒழுங்கில் உறைந்துவிடும். சில படிகங்களில் அவை முக்கோணமாக அமைந்து, ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதற்கு எதிர்த்திசையிலேயே நிற்கப் பார்க்கும். இரண்டே கட்சி உள்ள ஊரில், மூன்று வீட்டாரும் ஒருவருக்கொருவர் எதிர்க்கட்சியாகத்தான் இருப்போம் என்று அடம்பிடித்தால்? மூன்றாவது வீட்டுக்குப் போக்கிடம் இல்லை. அப்படித் தவிக்கிற சில படிகங்கள் எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாமல் இருக்கலாம். அந்த நிலைக்குக் குவாண்டம் ஸ்பின் திரவம் என்று பெயர். உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். இதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட படிகம் இன்னும் அகப்படவில்லை.

செம்பும் துத்தநாகமும் சேர்ந்த என் படிகம் உறையவில்லை. வழிகாட்டி மகிழ்ந்துபோய்க் கட்டுரை எழுதச் சொன்னார். முதல் பெயர் என்னுடையது. அது வெளியானால் பட்டம், பின்னாலேயே வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் அபிராமத்துக்குப் பக்கம். மிளகாய்ப் பழம் எடுக்கும் சமயத்தில் விடுப்பில் வந்தால், பஸ் ஸ்டாப்பில் சித்தப்பா வைத்த ஃப்ளெக்ஸ் நிற்கிறது. 'புதிய திரவம் கண்டுபிடித்த எங்கள் குலவிளக்கே!' என் படம், பின்னால் ஒரு ராக்கெட். எங்கள் மாவட்டத்தில் இயற்பியல் படித்தவளை ராக்கெட் இல்லாமல் விடமாட்டார்கள். சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மெயில் வந்தது. செம்பையும் துத்தநாகத்தையும் எக்ஸ்-ரே எளிதில் பிரித்துக் காட்டாது என்பதால் படிகத்தை நியூட்ரான் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். செம்பு இருக்கவேண்டிய இடங்களில் துத்தநாகம் உட்கார்ந்திருந்தது, கொஞ்சநஞ்சமல்ல. இப்படி இடம் மாறிக் கிடந்தாலே போதும், ஸ்பின் திரவமாக இல்லாத படிகம்கூட உறையாததுபோல வேஷம் போடும். உடனே வழிகாட்டியைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, எல்லார் படிகத்துலயும்தான் அழுக்கு இருக்கு. பின்னிணைப்புல ஒரு வரி போட்டா முடிஞ்சுது" என்றார்.

"ஒரு வரியில அடங்காது சார். கட்டுரையோட தலைப்பே தப்பு."

"தப்புன்னு நிரூபிச்சிட்டியா?"

"சரின்னு நாம நிரூபிக்கலயே சார்."

"உன் தீசிஸ்ல நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கட்டும்."

அப்போதுதான், பொய் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டாம் என்ற அந்த வார்த்தையைச் சொன்னேன். கட்டுரையை அனுப்பினால் இந்தச் சோதனை முடிவை நானே அந்த ஆய்விதழுக்கு எழுதிவிடுவேன் என்றும் சொன்னேன். பயந்துகொண்டேதான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

களத்தில் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த அய்யாவின், அதாவது என் அப்பாவின், காதில் எல்லாம் விழுந்திருந்தது.

"ஏத்தா, அவரு பெரியவரு. அவரு சொல்றாப்புலயே எழுதிப்புட்டுப் போயேன். ஊருக்கெல்லாம் சொல்லிப்புட்டு இப்ப இல்லைன்னா, நான் எங்கன போயி மூஞ்சிய வச்சுக்கிறது?"

"இல்லாதத இருக்குன்னு எழுத ஏலாதுய்யா. ஃப்ளெக்ஸ நானே அவுத்துர்றேன்."

"அவுத்துட்டு?"

"திரும்ப வளப்பேன்."

சாயங்காலம் ஏணி போட்டு நானே கழற்றினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள், ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன். சித்தப்பா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கட்டுரை போகவில்லை. வழிகாட்டி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நான் உலைச் சூட்டைக் குறைத்து, மெல்லக் குளிரவைத்து, புதுப் படிகங்கள் வளர்த்தேன். கலப்பு குறையக் குறைய என்ன ஆனது தெரியுமா? படிகம் மற்ற காந்தங்களைப்போலச் சமர்த்தாக உறைந்தது. ஆசை ஆசையாகத் தேடியது என் கண்ணெதிரே பொய்யானது. அழுதேன். பிறகு அதையே ஆய்வேடாக எழுதினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் என்றாலும், வழிகாட்டி கையெழுத்துப் போட்டார்.

யார் வேண்டுமானாலும் வந்து கேட்கக்கூடிய வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார்: இத்தனை வருடம் உழைத்தும் நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அப்படித்தானே?

கண்டுபிடித்தேன் என்றேன். இது ஸ்பின் திரவம் இல்லை என்று கண்டுபிடித்தேன். இனி யாரும் இந்தப் படிகத்தை நம்பி வருடங்களைத் தொலைக்க வேண்டாம்.

கடைசி வரிசையில் வெள்ளை வேட்டியில் அய்யா உட்கார்ந்திருந்தார். ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது. தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போகும் முன், சொன்னதையே தமிழில் இன்னொரு முறை, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.