பின்னணியில் கோழிச் சத்தம் இல்லை

ஹம்பர்க்கில் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டால் கீழ்வீட்டு அம்மாள் மேலேறி வந்து கதவைத் தட்டுகிறார். சத்தமில்லை என்றால் இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். நானோ நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணைக்குள் வளர்ந்தவள். முட்டைக்கோழிகள் ஓயாமல் கொக்கரிக்க, அந்தச் சத்தத்தில்தான் படித்தேன், தூங்கினேன். உச்சி வெயிலில் பண்ணை திடீரென்று அடங்கினால் அப்பா சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார். தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும், இல்லையென்றால் மின்விசிறி நின்றிருக்கும். அமைதி என்றாலே இன்றைக்கும் எனக்கு ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் அர்த்தம்.

போன வாரம் அலுவலகத்தில் அப்படியோர் அமைதி. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. வாடிக்கையாளர் கடிதங்களை ஒரு நிரல் பின்னணியில் மணிக்கணக்காக ஓடித் தயாரித்து அனுப்பும். ஒவ்வொன்றும் முடிந்ததும் லாக் என்ற பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதும். அன்று காலையிலிருந்து ஒரு வரியும் இல்லை. ஓடுகிறதா, செத்துவிட்டதா? ஓடுவதை நிறுத்தி மறுபடி தொடங்கினால் பலருக்கு இரண்டு கடிதம் போகும். செத்திருந்தால் ஒருவருக்கும் போகாது. “பிழை எதுவும் வரவில்லையே, நன்றாகத்தான் ஓடுகிறது” என்றார் உடன் வேலை செய்யும் மார்ட்டின். நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனசு கேட்காமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா எங்கம்மா?”

“பண்ணையில தீனி போட்டுட்டு இருக்காங்க சாமி. நீ சாப்டியா?”

சில நாட்களாகவே இதே பதில்தான். ஆனால் அம்மாவின் குரலுக்குப் பின்னால் ஒரு கோழிகூட இல்லை. ஏதோ சக்கரம் உருண்டது. ஒரு பெண், “ஈசிஜி எடுக்கறவங்க இப்பிடி வாங்க” என்றாள். போன வருஷம் அப்பாவின் நெஞ்சுவலிக்குப் பார்த்த அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியாகத்தான் இருக்க வேண்டும்.

“நீங்க எங்கம்மா இருக்கறீங்க?”

“ஊட்லதான். ஒண்ணுமில்ல சாமி, நல்லாருக்கறோம்.”

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கெட்டதைச் சொல்வதில்லை, எங்கள் ஊர் வழக்கம் அது. அங்கே கிடந்து பதறி என்ன செய்யும் என்பார்கள். பெரியப்பா போனது எனக்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது அப்பா.

என் முகத்தைப் பார்த்து மார்ட்டின் விசாரித்தார். சொன்னேன்.

“அம்மாவிடமே கேட்டீர்களா?”

“கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.”

“அப்புறம் என்ன? ஒன்றுமில்லை!” என்று சந்தோஷமாகச் சிரித்தார். அடப்பாவி மனுஷா, எங்கள் வீட்டு ‘ஒண்ணுமில்ல’யை உனக்கு எந்த ஜெர்மனில் சொல்லிப் புரியவைப்பேன்?

மதியத்துக்கு மேல் லாகில் வரிகள் மொத்தமாக வந்து கொட்டின. எழுதிய வரிகள் கோப்புக்குப் போகாமல் நினைவகத்திலேயே சேர்ந்திருக்கின்றன. நிறைந்த பிறகுதான் வெளியே வந்திருக்கின்றன. நடுவில் நிரல் செத்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். இனி எழுத எழுத உடனே வெளியே தள்ளு என்று நிரலில் சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன். அதை மட்டும்தான் என்னால் சரிசெய்ய முடிந்தது.

அப்போது அப்பாவே கூப்பிட்டார். குரல் நூலாக இளைத்திருந்தது.

“பண்ணைக்குள்ளதான் நிக்கறேன் சாமி. அம்மா சும்மா பயப்படுத்திட்டாளா?”

பின்னால் ஏதோ இயந்திரம் சீராக ‘பீப், பீப்’ என்றது. “இல்லீங்கப்பா” என்று முனகினேன்.

“கோழிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. சத்தமாப் பேசு சாமி. உனக்குக் கோழிச் சத்தம் கேக்குதில்ல?”

“கேக்குதுங்கப்பா!” என்று கத்தினேன். அமைதியான அந்த அலுவலகமே திரும்பி என்னைப் பார்த்தது.