எட்டு ஜிபி லேப்டாப்பும் எங்க ஊர் நெட்டும்

சூடேறிய பிளாஸ்டிக் வாசனை... வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தை நினைத்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. கம்பெனி கொடுத்த எட்டு ஜிபி மெமரி லேப்டாப், எங்க ஊர் திருக்கோகர்ணத்து வீட்டு ஹாலில் தோசைக்கல் மாதிரி காயும்.

எனக்குக் கொடுத்த வேலை லோக்கல் கிளஸ்டர் செட்டப். ஆபீஸ் சர்வரில் ஓடுகிற ஒன்பது சர்வீஸையும், அதாவது ஒன்பது புரோகிராமையும், என் லேப்டாப்புக்குள்ளேயே கன்டெய்னர் என்கிற தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் என் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும்.

எல்லாம் டவுன்லோடு ஆகிவிட்டது. மூன்று சர்வீஸ் எழுந்துகொள்ளும். மற்ற ஆறும் 'பெண்டிங்' என்று காத்தே கிடக்கும்...

டீம் லீடுக்கு போன் போட்டேன். நான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை அந்த மனிதர்.

"உங்க ஊர் நெட்தாங்க ப்ராப்ளம். சென்னையில எல்லாருக்கும் வருதே?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா கேட்டுவிட்டார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் அவர். கிளஸ்டர் என்றால் தெரியாது, 'ஊர் நெட்' மட்டும் புரிந்தது. மறுநாள் உச்சி வெயிலில் டவுன் முழுக்க அலைந்து, புது நெட் லைன் இழுக்க ஆளைக் கையோடு கூட்டி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்பப் பாரு ஆத்தா, வருதா?"

வரவில்லை. எப்படி வரும்?

வியாழக்கிழமை நானே தோண்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெண்டிங்குக்கும் கீழே காரணம் தெளிவாக இருந்தது. மெமரி போதவில்லை! என்னிடம் கொடுத்திருந்த செட்டப் டாக்குமென்ட் பதினாறு ஜிபி லேப்டாப்புக்கு எழுதியது. எழுதியவர் அதே லீட். நான் அனுப்பியதைப் படித்துப் பார்க்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

ஒவ்வொரு சர்வீஸும் கேட்கிற மெமரியைக் குறைத்து, லேப்டாப்பில் சும்மா ஓடிக்கொண்டிருந்த வேறு நான்கு புரோகிராமை நிறுத்தி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதையும் ஓட வைத்தேன். மீட்டிங்கில் அவர், "பரவாயில்லையே... ஊர்ல நெட் வந்துருச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். இன்றைக்கும் வயிறு எரிகிறது. அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டும்.

இப்போது என்னிடம் முப்பத்திரண்டு ஜிபி. ஒரே கமாண்ட்... டீ ஆறுவதற்குள் கிளஸ்டர் தயார். அந்த லீட் எங்கேயோ பெரிய பதவியில் இருக்கிறார்.

ஆனால் நான் ஊருக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், அப்பா சத்தமில்லாமல் டிவியை அணைக்கிறார். தன் போனில் வைஃபையையும் நிறுத்திவிடுகிறார். "அது நெட் இல்லப்பா, அந்தாளு தப்பு" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டும்த்தா. நம்மளால ஒனக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்ல..."